ஐம்பது பிரேம் கொன்ட்ரா: பழைய டிவி கேமை மறுபடி ஆட எதைத் தேர்வது?

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று சொந்தமாகச் சம்பாதிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அன்று அயல் வீட்டில் முறை வைத்துக் கொன்ட்ராவும் மாரியோவும் ஆடிய டிவி கேமை இன்று தம் வீட்டில், தம் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் அவர்களில் பலருக்கு உண்டு. விருப்பம் வந்தவுடன் எழும் கேள்வி, எதை வாங்குவது என்பதுதான். ஜப்பானிலிருந்து ஃபமிகொம் என்ற அசல் இயந்திரத்தை வரவழைக்கலாம், இன்றும் விற்கப்படும் மலிவான நகல் பெட்டியை வாங்கலாம், வீட்டில் சும்மா கிடக்கும் கணினியில் அந்த இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை நிறுவலாம், அதன் மின்சுற்றையே மீள அமைத்துக் காட்டும் எஃப்.பி.ஜி.ஏ. பலகைக்குப் பணம் சேர்க்கலாம். அல்லது ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கையடக்கக் கருவி ஒன்றோடு திருப்தி அடையலாம்.

இந்தத் தெரிவைப் பற்றி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள ரசிகர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். அவர்களுள் தூய்மைவாதிகள் எனத்தக்கவர்கள், அசல் இயந்திரம், அசல் கசெட், கண்ணாடிக் குழாய் உள்ள பழைய தொலைக்காட்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆட்டம் ஆட்டமாகும் என்பார்கள். எஃப்.பி.ஜி.ஏ. அதற்கு அடுத்த படி, எமுலேட்டர் அதற்கும் கீழே, நகல் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில் என்பது அவர்கள் வகுத்த வரிசை. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டு கல்முனையிலோ காத்தான்குடியிலோ பணம் செலவழிப்பவர் ஏமாந்துபோகக்கூடும். ஏனெனில் அவர் சிறுவயதில் ஆடிய அசல், அந்த வரிசையின் உச்சியில் இருப்பதல்ல, அடியில் இருப்பதே.

நின்டென்டோ நிறுவனத்தின் ஃபமிகொம் 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் 14,800 யென் விலையில் வெளிவந்தது. 1985இல் அதுவே வேறு தோற்றத்தோடு அமெரிக்காவுக்குப் போனது. நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் இவ்விரண்டில் எதுவுமல்ல. தாய்வானிலும் சீனாவிலும் உருவாகி ஆசியா முழுவதும் பரவிய நகல் பெட்டிகளையே நாம் 'டிவி கேம்' என்று அறிந்தோம். அவற்றின் உள்ளே பெரும்பாலும் தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனம் தயாரித்த சிப்புகளோ, பிற்காலத்தில் முழு இயந்திரத்தையும் ஒரே துண்டுக்குள் அடக்கி மேலே கறுப்புப் பிசின் ஊற்றிய சிப்போ இருந்தன. கசெட் குத்தும் இடத்தில் ஜப்பானிய முறைப்படி 60 ஊசிகள் இருந்தன. அமெரிக்க, ஐரோப்பிய இயந்திரங்களில் இருந்தவை 72.

இதில் ஒரு நுட்பமான விடயம் இருக்கிறது, எதை வாங்குவது என்ற தீர்மானமும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஜப்பானும் அமெரிக்காவும் பயன்படுத்திய என்.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 60 பிரேம்கள், அதாவது 60 படங்கள், திரைக்கு வரும். இலங்கை பின்பற்றியது 'பால்' முறை, அதில் 50. ஃபமிகொம் ஆட்டங்கள் தம் வேகத்தைத் திரையின் பிரேமை வைத்தே அளந்துகொண்டன: ஒரு பிரேமுக்கு ஒருமுறை வீரன் நகர்வான், ஒரு பிரேமுக்கு ஒருமுறை இசையின் அடுத்த சுரம் எடுக்கப்படும். எனவே 60 பிரேமுக்கென எழுதப்பட்ட ஆட்டத்தை 50 பிரேமில் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஐரோப்பாவுக்கென நின்டென்டோவே தயாரித்த இயந்திரத்தில் செயலியின் வேகமும் 1.79 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறங்கியது, செயலிக்கும் படச் சிப்புக்கும் இடையிலான விகிதமும் மாறியது. அதனால் ஜப்பானிய ஆட்டங்கள் சில அதில் சரியாக ஓடவில்லை, ஓடியவற்றின் இசையும் சுருதி இறங்கி ஒலித்தது. நகல் பெட்டி செய்தவர்களோ வேறொரு வழியைக் கண்டார்கள். பால் முறைக்குத் தேவையான மேலதிகக் கிடைக்கோடுகளை ஆட்டத்தின் கணக்கைக் குழப்பாத இடத்தில் நுழைத்து, செயலியை 1.77 மெகாஹேர்ட்ஸில் வைத்து, பழைய விகிதத்தையும் காப்பாற்றினார்கள். ஜப்பானிய ஆட்டங்கள் பழுதில்லாமல் ஓடின, இசையின் சுருதியும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. தாளம் மட்டும் நிதானமானது. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்து பெரும் புகழ் பெற்ற 'டெண்டி' என்ற நகல் பெட்டியின் பெயராலேயே இந்த ஏற்பாடு இன்று எமுலேட்டர்களில் அழைக்கப்படுகிறது.

கொன்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். கொனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு ஆடும் கடை இயந்திரமாகவும் 1988இல் ஃபமிகொம் கசெட்டாகவும் வெளியிட்ட ஆட்டம் அது. ஐரோப்பாவில் அதன் மனித வீரர்களை ரோபோக்களாக மாற்றி, புரோபோடெக்டர் என்ற பெயரில் விற்றார்கள். எனவே ஜப்பானிய, அமெரிக்கச் சிறுவர்கள் மனித வீரர்களை 60 பிரேமில் ஆட்டினார்கள். ஐரோப்பியச் சிறுவர்கள் ரோபோக்களை 50 பிரேமில் ஆட்டினார்கள். நகல் பெட்டி புழங்கிய பால் நாடுகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது 50 பிரேமில் நடக்கும் மனிதர்கள். இந்தக் கலவையை எந்த நிறுவனமும் அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. ஒலியிலும் இதுபோன்ற ஒரு வேறுபாடு உண்டு: நகல் சிப்புகள் பலவற்றில், இசையை உண்டாக்கும் சதுர அலையின் இரண்டு அமைப்புகள் இடம் மாறியிருந்தன. அதனால் இணையத்தில் அசல் இசையைக் கேட்கும்போது 'இது அந்தச் சத்தம் இல்லையே' என்று சிலருக்குத் தோன்றுவது வெறும் மனப்பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

ஆட்டங்களின் பட்டியலும் நமக்கு வேறாகத்தான் அமைந்தது. உலகின் சிறந்த பழைய ஆட்டங்கள் என்று வெளிநாட்டு ரசிகர்கள் போடும் பட்டியலில் ஸெல்டா, ஃபைனல் பென்டசி போன்ற நீண்ட ஆட்டங்கள் முன்னுக்கு நிற்கும். அவை ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கக் கசெட்டுக்குள் பற்றரி வேண்டும், நினைவகமும் கூடுதலாக வேண்டும். '9999 இன் 1' என்று மேலே அச்சிட்ட கசெட்டுகளில் நிறைந்திருந்தவையோ பேட்டில் சிட்டி, ரோட் ஃபைட்டர், எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர் போன்றவை. இவை ஒவ்வொன்றும் 24 கிலோபைட்டுக்குள் அடங்கும். சுப்பர் மாரியோ 40 கிலோபைட். கொன்ட்ராவின் அமெரிக்க வடிவமே 128 கிலோபைட் என்பதால் அது சில கசெட்டுகளில் இருந்தது, சிலவற்றில் இருக்கவில்லை. அது உள்ள கசெட்டுக்குத் தனி மதிப்பு இருந்ததற்கும் இதுவே காரணம். மிகுதி ஒன்பதாயிரமும் அதே சில ஆட்டங்கள், வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்குபவை. ஆகவே இன்று எதை வாங்கினாலும், நீண்ட கதையாட்டங்களுக்கான வசதிகளை வைத்து அதைத் தெரிவு செய்ய வேண்டிய தேவை நம்மில் பலருக்கு இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், தூய்மைவாதிகள் முதலிடம் கொடுக்கும் அசல் ஃபமிகொம் நமக்கு மிகவும் அந்நியமான பொருளாகிவிடுகிறது. அதன் முதல் வடிவத்தில் ஏ.வி. வயர் குத்தும் வசதியே இல்லை. ஜப்பானிய ஒளிபரப்பின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகளில்தான் அது படத்தை அனுப்பும், நம் தொலைக்காட்சிகள் அவற்றை இலகுவில் பிடிக்கமாட்டா. 1993இல் வந்த மாற்று வடிவத்தில் ஏ.வி. வெளியீடு உண்டு, ஆனால் அதுவும் என்.டி.எஸ்.சி. என்பதால் பழைய பால் தொலைக்காட்சிகள் சிலவற்றில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். மின்சாரத்திலும் ஆபத்து இருக்கிறது. ஜப்பானிய அடப்டர் 100 வோல்ட்டுக்கானது, நமது சுவரில் வருவது 230. அடப்டரை மாற்றப் போனால், ஃபமிகொம் கேட்பது நடு ஊசி எதிர்முனையான 10 வோல்ட் நேர் மின் (டி.சி.). அமெரிக்க நின்டென்டோவின் அடப்டர் தருவதோ 9 வோல்ட் ஆடல் மின் (ஏ.சி.). அதை ஃபமிகொமில் குத்தினால் இயந்திரம் பழுதாகிவிடக்கூடும். இத்தனை தடைகளையும் கடந்து, கப்பல் கட்டணமும் சுங்கமும் செலுத்தி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால், கிடைப்பது நாம் ஒருபோதும் ஆடாத வேகத்தில் ஓடும் மாரியோ. சேகரிப்பவருக்கு அது பெறுமதியான பொருள்தான், அதில் சந்தேகமில்லை. பழைய அனுபவத்தைத் தேடுபவருக்கு அது பொருத்தமில்லை.

கசெட்டுகளைப் பற்றியும் கரையோர வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறோம். உப்புக் காற்றும், வாடைக் காலத்து ஈரமும் செப்புத் தொடுமுனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கசெட்டை வாயால் ஊதுவது அந்த ஈரத்தைக் கூட்டும் வேலை. நின்டென்டோவே அதைச் செய்யவேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தது. ஐசோபுரோபைல் மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பதே வழி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கல்லடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரையோரத்து வீடுகள் பலவற்றில் பாதுகாக்க எதுவுமே எஞ்சவில்லை என்பதால், 'பரணில் கிடக்கும் பழைய பெட்டியை எடுத்துத் துடையுங்கள்' என்ற வெளிநாட்டு அறிவுரை இங்கே எல்லோருக்கும் பொருந்தாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பல கிராமங்களுக்கு மின்சாரமே பிந்தி வந்ததால், அங்கே வளர்ந்தவர்களில் பலர் டிவி கேமை முதலில் கண்டதே கடலோரப் பக்கமான எழுவான்கரையில் உள்ள உறவினர் வீட்டில்தான்.

அப்படியானால் இன்று விற்கும் புதிய நகல் பெட்டி? அது நம் அனுபவத்துக்கு மிக அருகில் நிற்பது போலத் தோன்றும், விலையும் குறைவு. ஆயினும் இன்றைய பெட்டிகள் அன்றைய பெட்டிகளின் நேரடி வாரிசுகள் அல்ல. எச்.டி.எம்.ஐ. வெளியீட்டோடு வருபவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஒரு மலிவான செயலியில் எமுலேட்டர் ஓட்டுபவைதான். அந்த எமுலேட்டர் எது, எந்த வேகத்தில் ஓடுகிறது, ஒலியை எப்படிக் கையாள்கிறது என்பவற்றை மாற்றுவதற்கு வாங்கியவருக்கு வழி இல்லை. மஞ்சள், வெள்ளை வயரோடு வரும் பெட்டிகளில் ஒற்றைச் சிப் இருக்கும். அவற்றில் சில மோசமில்லை. ஆனால் கொன்ட்ரோலரின் இறப்பர் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். கலியாண வீட்டில் பிள்ளைகளைச் சமாளிக்க ஒன்று வேண்டும் என்றால் வாங்குங்கள். அதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்க நான் சொல்லமாட்டேன்.

எமுலேட்டருக்கு வருவோம், ஏனெனில் என் தெரிவு இதுதான். பத்து, பதினைந்து வருடப் பழைய அலுவலகக் கணினி ஒன்றே ஃபமிகொம் எமுலேட்டருக்குத் தாராளமாகப் போதும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிப் பலகையும் போதும். மெசென், எஃப்.சி.இ.யூ.எக்ஸ். போன்ற எமுலேட்டர்களில் பிராந்தியத்தைத் தெரிவு செய்யும் இடத்தில் என்.டி.எஸ்.சி., பால் ஆகியவற்றோடு டெண்டி என்ற மூன்றாவது தெரிவும் இருக்கும். அதைத் தெரிவு செய்தால் 50 பிரேமில் ஓடும் ஜப்பானிய ஆட்டம் திரைக்கு வரும். ஒலிப் பகுதியில் சதுர அலைகளை இடம் மாற்றும் தெரிவும் இவற்றில் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டு கொன்ட்ராவின் முதல் கட்டத்தை ஆடிப் பாருங்கள். வெளிநாட்டு ரசிகர் ஒருவர் இதைக் கண்டால், வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வார். அவருடைய சிறுபராயத்துக்கு அது கேடுதான். நம்முடையதற்கு அதுவே திருத்தம். 60 பிரேமுக்கு மாற்றிப் பார்ப்பதற்கும் ஒரு பொத்தான் போதும் என்பதால், இந்த வாதத்தை வீட்டிலேயே இரண்டு பக்கமும் ஆடித் தீர்த்துக்கொள்ளலாம். வேறெந்தத் தெரிவிலும் இந்த வசதி இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கணினித் திரைகள் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸில் இயங்குவதால், அதில் 50 பிரேம் ஆட்டம் இடையிடையே தடுக்கி ஓடுவது போலத் தெரியும். திரையை 50 ஹேர்ட்ஸுக்கு மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். நம் நாட்டில் விற்கப்படும் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. வழியாக 50 ஹேர்ட்ஸை ஏற்றுக்கொள்ளும் என்பதால் கணினித் திரையை விடத் தொலைக்காட்சியே இதற்கு வசதி.

எமுலேட்டருக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு தாமதம். பொத்தானை அழுத்துவதற்கும் வீரன் குதிப்பதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஆனால் விரலுக்குத் தெரியும் இடைவெளி ஒன்று உண்டு. இக்குற்றச்சாட்டு உண்மையானது. ஆனால் குற்றவாளி பல வேளைகளில் எமுலேட்டர் அல்ல, தொலைக்காட்சியே. தட்டைத் தொலைக்காட்சி படத்தை அழகுபடுத்துவதற்காகச் சில பிரேம்களைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது; 60 ஹேர்ட்ஸில் ஒரு பிரேம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் என்பதால், மூன்று நான்கு பிரேம் பிந்தினாலே மாரியோ குழியில் விழுவதற்குப் போதும். அமைப்புகளுக்குள் சென்று கேம் மோட் என்பதைப் போட்டால் இது பெருமளவு குறையும். பல எமுலேட்டர்களை ஒன்றாகத் தரும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் 2018இல் வந்த 'ரன்-அஹெட்' வசதி, அடுத்த பிரேமை முன்கூட்டியே கணித்து வைத்து ஆட்டத்துக்குள்ளேயே இருந்த தாமதத்தையும் வெட்டிவிடுகிறது. புளூடூத் கொன்ட்ரோலரைத் தவிர்த்து வயர் உள்ளதை வாங்குவது இன்னுமொரு மலிவான மருந்து. சிறு பலகையைத் தெரிவு செய்பவர்கள் மின்வெட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் மெமரி கார்ட் பழுதாகும், நிறுவியதெல்லாம் போகும். பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது குற்றச்சாட்டு சட்டம் பற்றியது. எமுலேட்டர் என்ற மென்பொருள் குற்றமல்ல என்பதை அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கொனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் சொல்லிவிட்டது. ஆட்டத்தின் கோப்பு வேறு விடயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செயல்நிரல்களையும் பாதுகாக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு பழையது என்பதனால் அது பொதுச் சொத்தாகிவிடாது. சட்டத்துக்குட்பட்டு ஆட விரும்புபவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக ஒரு பாதை உண்டு: கொனாமி 2019இல் வெளியிட்ட கொன்ட்ரா ஆண்டு நிறைவுத் தொகுப்பைப் போன்றவற்றை அங்கே வாங்கலாம். அது 60 பிரேம் உலகம்தான் என்றாலும், பணம் உரியவருக்குப் போகும். ஆனால் எல்லா ஆட்டங்களும் இப்படிக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010க்கு முன்னர் வெளிவந்த ஆட்டங்களில் 87 வீதம் இன்று சந்தையில் இல்லை என்று கண்டறிந்தது. இந்த நிலையில் நகல் பெட்டியையும் '9999 இன் 1' கசெட்டையும் கண்ணாடி அலுமாரியில் பெருமையாக வைத்துக்கொண்டு எமுலேட்டர் போடுபவரைத் திருடர் என்று ஏசுபவர்களின் நியாயம் எனக்கு விளங்கியதில்லை.

எஃப்.பி.ஜி.ஏ. பற்றி நீட்ட வேண்டியதில்லை. தன் உள் இணைப்புகளையே மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய சிப் ஒன்றில் பழைய இயந்திரத்தின் மின்சுற்றை மீள எழுதுவது அதன் முறை. 2017இல் தொடங்கிய மிஸ்டர் திட்டம் இதில் முன்னணியில் நிற்கிறது. அது எமுலேஷனே அல்ல என்று அதன் ரசிகர்கள் வாதிடுவார்கள். ஆனால் அந்த மின்சுற்றையும் மனிதர்கள் ஆராய்ந்து எழுதியதுதான், பிழை வந்தால் அதிலும் வரும். தாமதம் மிகக் குறைவு என்பது உண்மை. அதற்குத் தேவையான பலகை ஒரு கட்டத்தில் 200 டொலரையும் தாண்டியது. 2024இல் 100 டொலருக்குக் குறைவான மாற்றுப் பலகைகள் வந்தன. பேட்டில் சிட்டி ஆடுவதற்கு அதுவும் அதிகம். கடை இயந்திர ஆட்டங்கள், அமிகா போன்ற பழைய கணினிகள் என்று ஆர்வம் விரிந்தவருக்கே அது பயன்படும்.

கையடக்கக் கருவிகளுக்கும் இதே சுருக்கம் போதும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கும் உதய தேவி ரயிலுக்கும் அவை நல்ல துணை. கூடவே வரும் மெமரி கார்ட் தரம் குறைந்தது என்பதால் முதல் நாளே நல்ல கார்ட் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். இருவர் சேர்ந்து ஆட அவை ஏற்றவையல்ல. நிறுவனங்களே வெளியிட்ட சிறு வடிவப் பெட்டிகளில், நின்டென்டோவின் 2016ஆம் ஆண்டுப் பெட்டி 30 ஆட்டங்களோடு வந்து நற்பெயர் பெற்றது. சோனியின் 2018ஆம் ஆண்டுப் பெட்டி ஏச்சு வாங்கியது, அதற்கு ஒரு முக்கிய காரணம் அதிலிருந்த ஆட்டங்கள் சில 50 ஹேர்ட்ஸ் பால் வடிவங்களாக இருந்ததே. உலக ரசிகர்கள் எதைக் குறை என்று திட்டினார்களோ, அதைத்தான் நாம் ஃபமிகொமில் தேடுகிறோம் என்பதை எண்ணும்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் பிளேஸ்டேஷன் கதை நமக்கும் வேறு: இங்கே பூட்டைத் தாண்டும் சிப் போட்ட இயந்திரங்களில் அமெரிக்க டிஸ்க்குகளும் ஓடின, எனவே அந்தத் தலைமுறையின் வேகத்தைப் பற்றி ஒரே விதி சொல்ல முடியாது.

அடுத்தது திரை. குழாய்த் தொலைக்காட்சிக்காகப் பேசுபவர்களின் வாதம் இந்த விவாதம் முழுவதிலும் மிக வலுவானது. பழைய ஆட்டங்களின் ஓவியர்கள் தம் புள்ளிகள் அந்தக் கண்ணாடியில் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும் என்பதைக் கணக்கில் எடுத்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் என்ற ஆட்டத்தின் நீர்வீழ்ச்சி, மஞ்சள் வயர் வழியாகக் குழாய்த் திரையில் ஊடுருவித் தெரியும் நீராகவும், தட்டைத் திரையில் வெறும் நெடுங்கோடுகளாகவும் தெரியும். வாத்துச் சுடும் துப்பாக்கி குழாய்த் திரையில்தான் வேலை செய்யும், ஏனெனில் திரையில் வெளிச்சம் தோன்றும் கணத்தை அது எதிர்பார்த்திருக்கிறது. தட்டைத் திரையில் அந்தக் கணம் தவறிவிடும். பழைய பெட்டியை ஏ.வி. வயரால் நேரடியாகத் தட்டைத் தொலைக்காட்சியில் குத்தினால் இன்னொரு கேடு வரும்: படத்தை ஒன்றுவிட்ட கோடுகளாகத் தவறாகப் புரிந்துகொண்டு தொலைக்காட்சி அதைக் குழைத்துவிடும், அடிபட்டு மினுங்கும் வீரன் முற்றாக மறைந்தே போவான்.

இத்தனைக்கும் பின்னர் குழாய்த் தொலைக்காட்சி ஒன்றைத் தேடி வாங்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. வீட்டில் ஓடுகின்ற நிலையில் ஒன்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர் தேடிப் போனால், பாரமும் பழுதும் சேர்ந்தே வரும். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் பகுதிகள் அரித்திருக்கும்; பின்பக்கத் துவாரத்தால் பல்லி நுழைந்து உயர்மின் பலகையில் செத்துக் கிடப்பது நம் ஊரில் எந்தத் திருத்துநருக்கும் புதினமல்ல. உயர்மின் தரும் பிளைபேக் என்ற பகுதி பழுதானால் மாற்றுப் பகுதி கிடைப்பது அரிது, அதைப் போடத் தெரிந்தவர்களும் வயதாகி வருகிறார்கள். வயரைக் கழற்றிய பின்னரும் குழாயில் இருபதாயிரம் வோல்ட் அளவில் மின் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது. எமுலேட்டரில் குழாய்த் திரையைப் போலக் காட்டும் ஷேடர் ஒன்றைப் போட்டு, படத்தை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வைத்தால் முக்கால்வாசி அழகு கிடைத்துவிடும். திரை முழுவதும் இழுத்து நிரப்பிய கொழுத்த மாரியோவைப் பார்ப்பதை விட இரு பக்கமும் கறுப்புப் பட்டி இருப்பது எவ்வளவோ மேல்.

பிளேஸ்டேஷன் 2 தலைமுறைக்கு என் விடை வேறு. மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்துக் கேம் கடைகளில் ஆடியவர்கள் அவர்கள். 2000 மார்ச்சில் வெளிவந்து, 2013இன் தொடக்கத்தில் உற்பத்தி முடிந்த அந்த இயந்திரம் 15 கோடிக்கும் அதிகமாக விற்பனையானது. அதனால் அசலே இன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பி.சி.எஸ்.எக்ஸ்.2 என்ற எமுலேட்டர் நன்றாக வளர்ந்துவிட்டபோதிலும், அதற்குப் பழைய அலுவலகக் கணினி போதாது. ஆகவே இங்கே அசல் இயந்திரமே மலிவான வழி. லென்ஸ் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை: மெமரி கார்டிலிருந்து தொடங்கும் ஃப்ரீ மெக்பூட் முறையில் ஆட்டத்தை வலையமைப்பு வழியாகவோ வன்தட்டிலிருந்தோ ஏற்றலாம். யூ.எஸ்.பி.யிலிருந்தும் ஏற்றலாம்; ஆனால் அதன் துறை பழைய 1.1 வகை என்பதால் இடையில் வரும் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும். மெலிந்த வடிவத்தின் கடைசி மாதிரிகள் சில அந்த முறையை ஏற்காது, வாங்குமுன் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். கிரிக்கெட் 07 மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை. அது கணினியிலேயே நேரடியாக ஓடும். 2006இல் வந்த அந்த ஆட்டத்தில் இன்றைய அணிகளையும் சீருடைகளையும் சேர்த்து ஆடுபவர்களை, அது பழைய ஆட்டமா புதிய ஆட்டமா என்று கேட்டு யாரும் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

எமுலேட்டர் தரும் சேமிப்பு, பின்னோக்கி ஓட்டல் ஆகிய வசதிகளைப் பயன்படுத்தலாமா என்பதிலும் ரசிகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். மூன்று உயிரோடு முடிக்க வேண்டிய ஆட்டத்தை ஒவ்வொரு அடியிலும் சேமித்து முடிப்பது முடித்ததாகாது என்பது ஒரு கட்சி. வேலை முடிந்து வீடு வருபவருக்கு அரை மணித்தியாலம்தான் கிடைக்கிறது என்பது மறு கட்சி. தனியாக ஆடும்போது எப்படியும் ஆடலாம். இருவர் சேர்ந்து கொன்ட்ரா ஆடும்போது அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் உயிர் தீர்ந்தவன் மற்றவனின் உயிரைப் பறித்துக்கொண்டு திரும்பி வருவதும், அதனால் எழும் தகராறும் அந்த ஆட்டத்தின் பாதி.

கணினி ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் மிச்சமாகும் பணத்தை வயர் உள்ள இரண்டு நல்ல கொன்ட்ரோலர்களில் போடுவதே சிறந்தது. அவற்றில் குறைந்தது நான்கு முகப் பொத்தான்கள் இருக்க வேண்டும். நகல் பெட்டிகளின் கொன்ட்ரோலர்களில் வழமையான இரண்டு பொத்தான்களுக்கு மேலே டர்போ பொத்தான்கள் இரண்டு இருந்தன. அவற்றை அழுத்திப் பிடித்தால் குண்டு விடாமல் பாயும். ஃபமிகொமின் சொந்தக் கொன்ட்ரோலரில் அவை இல்லாததால் வெளிநாட்டு ரசிகர்கள் டர்போவைக் களவு என்பார்கள். நம் பெட்டியில் அது பிறவியிலேயே இருந்தது, ஆகவே எமுலேட்டரின் அமைப்பில் அதைத் தயக்கமின்றிப் போடலாம். இரண்டு கொன்ட்ரோலருக்கும் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால் வீட்டில் அமைதி இருக்காது.